ஔவையின் கையில் கோல் எப்போது வந்தது?

கிருஷ்ணகிரியில் முதுகலை வரலாறு படிக்கும் ஒரு மாணவி கேட்டிருந்தார்: "ஆசியச் சமூகங்களில் பெண்களின் வாழ்வும் பிம்பமும் என்று எங்களுக்கு ஒரு தாள் இருக்கிறது. சீனா, ஜப்பான், ஜாவா என்று போகிறது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இதில் ஆய்வு செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?"

சம்பந்தம் நிறையவே இருக்கிறது அம்மா. தர்மபுரியில் முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். இந்தத் தாளை எழுதும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். இலக்கியத்தில் பெண் என்று ஒரு இயல், சமூகத்தில் பெண் என்று இன்னொரு இயல். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவே செய்யாது. பிம்பத்தைத் தனியாகவும் வாழ்வைத் தனியாகவும் படித்தால் இரண்டுமே பிடிபடாது. ஒரு பிம்பத்தை எடுங்கள். அதை யார் செய்தார், யாருக்காகச் செய்தார், அது உருவான காலத்தில் நிஜப் பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேளுங்கள். அதற்கு நம் மாவட்டத்தைவிட நல்ல இடம் வேண்டியதில்லை.

ஔவையிலிருந்தே ஆரம்பிக்கலாம். தகடூர் நம் தர்மபுரிதான், அதியமான் நெடுமான் அஞ்சி நம் ஊர் மன்னன். ஔவை என்றதும் உங்கள் மனசில் என்ன வருகிறது? நரைத்த தலை, கூன் விழுந்த முதுகு, கையில் கோல், நெற்றி நிறைய விபூதி. பள்ளிப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறாள். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் வைத்த சிலையிலும் மூதாட்டிதான். இப்போது புறநானூற்று 89ஆம் பாட்டைத் திறந்து பாருங்கள். பகை மன்னன் ஒருவன் அவளிடம், உங்கள் நாட்டில் போரிட ஆள் இருக்கிறார்களா என்று கேட்கிறான். எப்படி அழைத்துக் கேட்கிறான்? "மடவரல், உண்கண், வாள்நுதல், விறலி" என்று. மை தீட்டிய கண், ஒளி பொருந்திய நெற்றி, இளமை உள்ள விறலி, அதாவது ஆடிப் பாடும் கலைஞி. இந்தப் பாட்டில் கிழவி எங்கேயும் இல்லை. அவள் சொல்லும் பதிலும் சாதாரணப் பதில் இல்லை. அடிக்கிற கோலுக்கு அஞ்சாத பாம்பு மாதிரி வீரர்கள் எங்களிடம் உண்டு. அதற்கும் மேல், பொது இடத்தில் தொங்கும் முரசில் காற்று மோதி ஒலி எழுந்தால்கூட, அது போர் முரசு என்று எழுந்து நிற்கும் என் தலைவனும் இருக்கிறான் என்கிறாள்.

அடுத்து 235ஆம் பாட்டு. அஞ்சி இறந்த பிறகு பாடியது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான் என்று அழுகிறாள். நரந்தம் மணக்கும் கையால், புலவு நாறும், அதாவது இறைச்சி வாடை வீசும் என் தலையைத் தடவுவானே என்கிறாள். நெல்லிக்கனிக் கதை எல்லோருக்கும் தெரியும், அது 91ஆம் பாட்டு. கள் குடித்த கதை எத்தனை பேருக்குத் தெரியும்? இரண்டும் ஒரே தொகுப்பில், ஒருத்தி பெயரில்தான் இருக்கின்றன. சங்கப் பாடல்களில் ஔவை பெயரில் 59 பாட்டு, அதில் புறநானூற்றில் மட்டும் 33. தொண்டைமானிடம் தூது போனவள் அவள். இத்தனையும் ஏட்டிலேயே இருக்க, நம் கண்ணில் பதிந்தது கோல் பிடித்த பாட்டி மட்டும்.

இதற்குக் காரணம் உண்டு. ஔவை என்ற ஒரே பெயரில் பல காலத்துப் புலவர்கள் இருந்தார்கள். ஆத்திசூடி பாடிய ஔவை பல நூற்றாண்டு பிந்தியவள். நீதி சொல்லும் பெண் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும், அரசர்களோடு பேச வேண்டும், ஆண்களுக்குப் புத்தி சொல்ல வேண்டும். இளம் பெண் இதையெல்லாம் செய்வதை ஏற்காத ஒரு சமூகம் அவளைக் கிழவியாக்கிவிட்டால் சங்கடம் தீர்ந்துவிடுகிறது. இளமையிலேயே முதுமையை வேண்டிப் பெற்றாள் என்று கதையே கட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையைப் பக்திக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு பெண் தனியாக நடமாட என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதற்கு அது சாட்சி. என் மாணவிகளிடம் நான் இந்தக் கேள்வியைத்தான் முதலில் வைப்பேன்: ஔவையின் கையில் கோல் எப்போது வந்தது? எந்த நூற்றாண்டில், யார் கொடுத்தது? இதையே ஒரு ஆய்வாகச் செய்யலாம்.

இப்போது வெளியே போங்கள். ஜப்பானில் 1000ஆம் ஆண்டு வாக்கில், உலகின் முதல் நாவல் என்று பலரும் சொல்லும் கதையை எழுதியவளை முராசாகி ஷிகிபு என்கிறோம். அது அவள் பெயரே இல்லை. ஷிகிபு என்பது அவள் அப்பா பார்த்த உத்தியோகத்திலிருந்து வந்தது, முராசாகி அவள் கதையில் வரும் ஒரு பெண்ணின் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் நமக்கு வந்து சேரவில்லை. ஔவை என்பதும் முதியவள், தாய் என்று பொருள் தரும் சொல்தான். இரண்டு இடத்திலும் எழுத்து நின்றது, எழுதியவளின் பெயர் நிற்கவில்லை.

ஜாவாவில் கார்த்தினி. 1879 ஏப்ரல் 21 அன்று பிறந்தவள், பிரபு குடும்பம். பன்னிரண்டு வயதில் பள்ளியை நிறுத்தி வீட்டுக்குள் அடைத்தார்கள். நம் ஊரில் வயசுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவது நினைவுக்கு வருகிறதா? அந்த அடைப்புக்குள் இருந்தபடி நெதர்லாந்தில் இருந்த தோழிகளுக்கு டச்சு மொழியில் கடிதம் எழுதினாள். ஒருவன் பல மனைவி கட்டும் வழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தாள். கடைசியில் ஏற்கெனவே மனைவிகள் உள்ள ஒருவருக்கே வாழ்க்கைப்பட்டாள். 1904இல் பிரசவம் ஆன சில நாளில் இறந்துபோனாள், வயது 25. கடிதங்கள் 1911இல் அச்சில் வந்தன. 1964இல் அவள் பிறந்தநாளை இந்தோனேசியா தேசிய நாளாக்கியது. அந்த நாளில் பள்ளிப் பெண்கள் கெபாயா என்ற மரபு மேலாடை உடுத்தி, கொண்டை போட்டு அணிவகுக்கிறார்கள். மரபு தன் கழுத்தை நெரிக்கிறது என்று எழுதியவளின் நாள், மரபு உடை உடுத்தும் நாளாக ஆகிவிட்டது. ஔவைக்கு நடந்ததையும் கார்த்தினிக்கு நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒப்பாய்வு என்றால் இதுதான். ஒன்றை வைத்து இன்னொன்றின் முடிச்சை அவிழ்க்க முடிகிறது.

'இதெல்லாம் நம்ம பண்பாடு' என்ற வார்த்தைக்கும் ஒப்பாய்வு நல்ல மருந்து. நல்ல மனைவி, அறிவுள்ள தாய் என்ற லட்சியத்தை ஜப்பான் மெய்ஜி பேரரசர் காலத்தில் உருவாக்கி, 1899இல் பெண்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சட்டம் போட்டபோது பாடத்திட்டத்தின் அடிப்படையாகவே வைத்தது. கொஞ்ச காலத்தில் சீனாவிலும் கொரியாவிலும் அதே சொல் அவரவர் உச்சரிப்பில் புழங்கியது. இன்று கேட்டால் மூன்று நாட்டிலும் அதை ஆயிரம் வருட மரபு என்பார்கள். நம் 'குலவிளக்கு', 'குத்துவிளக்கு மாதிரி பொண்ணு' எல்லாம் பத்திரிகையிலும் மேடையிலும் எப்போது பரவின என்று பழைய இதழ்களைப் புரட்டித் தேடினால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

சரி, கல்லுக்கு வருவோம். அஞ்சிக்கு நட்ட நடுகல்லைப் பற்றியும் ஔவை பாடியிருக்கிறாள், 232ஆம் பாட்டு. மயில்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்களே, நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்கிறாள். நம் இரண்டு மாவட்டத்திலும் நடுகல் இல்லாத பக்கம் குறைவு. வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோமே, அதில் பல நடுகல்தான். தர்மபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எழுத்துள்ள கல்லில் என்ன இருக்கும்? எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்தத் தொறுவை மீட்கப்போய்ப் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை. ஆணுக்குப் பேர் உண்டு, சில கல்லில் நாய்க்கும் கோழிக்கும்கூடச் சிறப்பு உண்டு.

பிந்திய காலத்துக் கற்களில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நிற்பாள். கையை உயர்த்தியிருப்பாள், வளையல் தெரியும்படி. சிலவற்றில் விரலிடையில் எலுமிச்சம்பழம். அவன் இறந்தபின் அவளும் தீயில் இறங்கினாள் என்று அர்த்தம். வளையல் உடையாமல் போனவள் என்று காட்டத்தான் அந்தக் கையை அவ்வளவு கவனமாகச் செதுக்கியிருக்கிறான் சிற்பி. தீப்பாய்ந்த அம்மன் என்று இன்றும் கும்பிடுகிறோம். பெரும்பாலான கல்லில் அவள் பேர் இல்லை. ஒரு கல்லின் முன் நான் வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறேன். வீரனின் முகம் தேய்ந்துபோயிருந்தது. அந்தப் பெண்ணின் கை வளையல் மட்டும் ஒவ்வொன்றாக எண்ணும்படி இருந்தது. பூசைக்கு வருகிறவர்கள் எண்ணெய் தடவித் தடவி அந்த இடம் கறுப்பாக மினுங்கியது. விரும்பி இறங்கினாளா, இறக்கினார்களா? கல் சொல்லாது. கல்லை நட்டவர்கள் சொல்ல விரும்பியதை மட்டும்தான் அது சொல்லும்.

உடன்கட்டையை 1829இல் வங்காளத்திலும் 1830இல் சென்னை மாகாணத்திலும் ஆங்கிலேயர் தடை செய்தார்கள். அப்போது நடந்த விவாதத்தை ஆராய்ந்த லதா மணி ஒரு முக்கியமான விஷயத்தைச் சுட்டினார். ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் உண்மையில் சண்டை போட்டது சாத்திரம் எது, மரபு எது என்பதைப் பற்றி. எரிந்த பெண் அந்தச் சண்டை நடக்கும் களமாக மட்டும் இருந்தாள், அவள் வலி விவாதத்தில் வரவேயில்லை. இதைப் படித்துவிட்டு அருங்காட்சியகத்துக் கல்லைப் பாருங்கள், வேறு மாதிரி தெரியும்.

இப்போது நம்மைச் சுடுகிற விஷயம். தர்மபுரி என்றாலே வெளியூரில் 'பெண் சிசுக்கொலை மாவட்டமா' என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. இன்றும் கேட்பவர் உண்டு. எண் பொய் சொல்லவில்லை. இப்போதைய தர்மபுரி மாவட்டப் பரப்பில், ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைக்கு 2001 கணக்கெடுப்பில் 826 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். தமிழ்நாடு முழுவதற்கும் அது 942. 2011இல் தர்மபுரி 913க்கு ஏறியது, மாநிலம் 943. சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் நம் மாவட்டத்துக்கும் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளை வைத்து இந்தச் சாவுகளை வெளிக்கொண்டுவந்தவர்கள் ஷீலாராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும். 1997 முதல் 1999 வரை தர்மபுரி கிராமங்களில் தெருநாடகமும் பாட்டுமாகக் கலைப்பயணம் நடந்ததையும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதாவது, இந்தத் துறையில் உலகம் படிக்கிற கட்டுரைகளில் உங்கள் பக்கத்து ஊர் ஏற்கெனவே இருக்கிறது.

ஆசியா என்ற பரப்பு இங்கேதான் உதவுகிறது. 1990இல் பொருளாதார அறிஞர் அமர்த்திய சென், உலகில் உயிரோடு இருந்திருக்க வேண்டிய 10 கோடிக்கு மேல் பெண்கள் காணாமல் போயிருக்கிறார்கள் என்று எழுதினார். இந்தியா, சீனா, மேற்கு ஆசியா என்று பெரும் பகுதி ஆசியாவில். அதே 1990இல் தென்கொரியாவில் 100 பெண் பிறப்புக்கு 116.5 ஆண் பிறப்பு. இயற்கையாக 105 பக்கத்தில் இருக்க வேண்டும். நம் கணக்குக்குத் திருப்பினால் 1000 ஆணுக்கு 858 பெண். ஒரு எச்சரிக்கை: இது பிறப்பில் எடுத்த விகிதம், நம் 826 என்பது பிறந்து ஆறு வயதுவரை தப்பிப் பிழைத்தவர்களின் விகிதம். இரண்டையும் நேராக ஒப்பிட்டு எழுதிவிடாதீர்கள், வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள். ஆனால் கொரியாவின் கதை முக்கியம். படித்த, பணம் வந்த நாட்டில் ஸ்கேன் வந்ததும் இது கூடியது. ஏழ்மையாலும் படிப்பறிவின்மையாலும் மட்டும் நடக்கிற காரியம் என்ற நம்பிக்கை அங்கேயே உடைகிறது. பிறகு 2007 வாக்கில் கொரியா 106க்கு இறங்கிவிட்டது. ஆணையே குடும்பத் தலைவனாக வைக்கும் பதிவு முறையை 2005இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் செல்லாது என்றது, 2008இல் அது ஒழிந்தது. பெண்கள் வேலைக்கு வந்தார்கள், வயதான பெற்றோர் மகனை மட்டும் நம்பியிருக்கும் நிலை மாறியது. நம் ஊரில் 'கொள்ளி வைக்கப் பையன் வேணும்', 'பொட்டப் புள்ளைக்கு நகை போட்டு மாளாது' என்கிற இரண்டு பேச்சையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது மாறினால் எது மாறும் என்று கேட்க ஒரு வழி பிறக்கிறது.

அதே நேரம் அந்தப் பட்டப்பெயரும் ஒரு பிம்பம் என்பதை மறக்கக் கூடாது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள். முக்காடு போட்ட ஒரு தாய், பின்னால் குடிசை. அந்தப் படத்தில் ஸ்கேன் மிஷின் வைத்தவன் இல்லை, வரதட்சணை கேட்டவன் இல்லை, மாமியாரைத் தவிர வேறு குடும்பமே இல்லை. சந்திரா தல்பதே மோகந்தி 1984இல் எழுதிய கட்டுரை இதைத்தான் சொன்னது. மேற்கத்திய ஆய்வுகள் மூன்றாம் உலகப் பெண் என்று ஒரே ஒருத்தியைக் கற்பனை செய்கின்றன. அவள் எப்போதும் ஏழை, அறியாதவள், பலியாடு. அப்படி ஒருத்தியைக் காட்டித்தான் தங்களைச் சுதந்திரமானவர்களாகக் காண்கிறார்கள். மேற்கு நமக்குச் செய்ததைச் சென்னை தர்மபுரிக்குச் செய்கிறது என்று நான் வகுப்பில் சொல்வேன். தர்மபுரி நகரம் மலைவாழ் மக்கள் இருக்கும் சித்தேரி மலைக்கும் அதையே செய்கிறது. உங்கள் ஆய்வும் அப்படிச் செய்துவிடக்கூடாது.

நான் அந்தத் தவறைச் செய்தேன். முதல் கள ஆய்வுக்குப் பென்னாகரம் பக்கம் ஒரு ஊருக்கு, 42 கேள்வி அச்சடித்த தாளோடு போனேன். மாசி மாதம். எந்த வீட்டுத் திண்ணையைப் பார்த்தாலும் புளி. வியாபாரி மூட்டையாக இறக்கிவிட்டுப் போவான், பெண்கள் ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு வீட்டுக்காரரிடம், உங்கள் மனைவி வேலைக்குப் போகிறாரா என்று கேட்டேன். "இல்லீங்க, அது சும்மாதான் வூட்ல இருக்குது" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டடி தூரத்தில் அந்த அம்மா கல்லின் மேல் புளியை வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தார். விரல் நுனி கறுத்து, நகக்கண்ணில் புளிப்பு ஏறி வெடித்திருந்தது. நான் தாளில் 'வேலை இல்லை' என்று குறித்தேன். நானே குறித்தேன். அந்த அம்மாவிடம் கேட்டால் "அதெல்லாம் அவரக் கேளுங்க" என்றார்.

மறுநாள் தாளைப் பைக்குள் வைத்துவிட்டு நானும் உட்கார்ந்து கொட்டை எடுத்தேன். கை வேலையில் இருந்தால் வாய் தானாகப் பேசும் என்பதை அன்றுதான் கற்றேன். கண்ணைப் பார்த்துக் கேட்கும்போது வராத பேச்சு, எல்லோரும் புளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வருகிறது. எந்த வருடம் எந்தக் கடனுக்கு எந்த நகை போனது, எந்தப் பிரசவத்தில் யார் பக்கத்தில் இருந்தார், எதை மாமியாரிடம் மறைத்தார், எல்லாம் வந்தது. என் 42 கேள்வியில் ஒன்றுகூட அவற்றைத் தொட்டிருக்கவில்லை.

இந்த 'சும்மா' என்ற சொல் அரசாங்கப் புள்ளிவிவரத்திலும் இருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வில் வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92 என்று ஒரு குறியீடு, வீட்டு வேலையோடு விறகு, தீவனம் சேகரிப்பது, வீட்டுக்காகத் தைப்பது என்று செய்பவருக்கு 93. இரண்டு எண்ணும் உழைப்பாளர் கணக்குக்கு வெளியே. கூலிக்குப் புளி தட்டுகிறவர் விதிப்படி உள்ளே வர வேண்டியவர். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்பவர் 'சும்மா' என்றால் அவரும் 92க்குள் விழுந்துவிடுவார். தேவகி ஜெயின் 1970களிலேயே ராஜஸ்தானிலும் மேற்கு வங்கத்திலும் பெண்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று நேரக் கணக்கு எடுத்து இந்த ஓட்டையைக் காட்டினார். 1998-99 நேரப் பயன்பாட்டு முன்னோட்ட ஆய்வு நடந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2019இல் நாடு முழுக்க எடுத்தபோது, கூலியில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் கொடுக்கிறார்கள், செய்கிற ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. உங்கள் தெருவில் பத்து வீட்டில் ஒரு வாரம் இதே கணக்கை எடுங்கள். சிறிய வேலை, ஆனால் முழுக்க உங்களுடையது.

ஒசூர்ப் பக்கம் இப்போது எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள், விடுதியில் தங்கி, ஷிப்ட் பஸ்ஸில் போய் வருகிறார்கள். 'பொண்ணுங்களுக்குத்தான் விரல் நுணுக்கம்' என்று காரணம் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இதே வார்த்தையை மலேசியா 1970களில் அந்நிய முதலீட்டை அழைக்கும் விளம்பரத்திலேயே அச்சடித்தது. கீழை நாட்டுப் பெண்ணின் கை சிறியது, வேகமாகவும் கவனமாகவும் வேலை செய்வாள் என்று. பினாங்கில் 1972இல் தொடங்கிய தடையற்ற வணிக வளாகம் அந்தக் கைகளால் வளர்ந்தது. ஆய்வாளர்கள் டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981இல் கேட்ட கேள்வி இன்றும் பொருந்தும். அந்த நுணுக்கம் பிறவியிலா வந்தது? வீட்டில் சின்ன வயதிலிருந்து தைத்து, பூத்தொடுத்து, நோம்பிப் புடைத்துப் பழகியது. பயிற்சி வீட்டில் நடந்ததால் அதைத் திறமை என்று எண்ணாமல் இயல்பு என்று எண்ணி, அதற்கேற்ற சம்பளம் போடுகிறார்கள். சீனாவில் இப்படி ஊரைவிட்டு வந்து உழைக்கும் பெண்ணுக்குத் தாகோங்மெய் என்று பெயர், அதில் 'மெய்' என்பது தங்கச்சி. தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டால் ரொம்ப நாள் வேலையில் இருக்க மாட்டாள், கட்டிக்கொண்டு போய்விடுவாள் என்பதும் அதிலேயே அடங்கிவிடுகிறது. மலேசிய ஆலைகளில் பெண்கள் மீது ஆவி இறங்கி இயந்திரங்கள் நின்ற சம்பவங்களை மானிடவியலாளர் ஐவா ஓங் 1987இல் எழுதினார். சாமி வருவதும் பேய் பிடிப்பதும் தெரிந்த நம் ஊர்க்காரர்கள் அதைப் படிக்கும்போது, வெளிநாட்டு வாசகருக்குத் தெரியாத நூறு விஷயம் தெரியும்.

பெண்கள் தாங்களே விட்டுச்சென்ற சொல்லைத் தேடுங்கள் என்பேன். சீனாவின் ஹுனான் மாகாணத்தில் ஜியாங்யோங் பக்கம் பெண்கள் மட்டுமே எழுதிப் படித்த நுஷு என்ற எழுத்து இருந்தது. கல்யாணம் ஆன மூன்றாம் நாள் தோழிகள் மணப்பெண்ணுக்கு அந்த எழுத்தில் ஒரு சின்னப் புத்தகம் அனுப்புவார்கள், பிரிவின் துக்கத்தைப் பாட்டாக எழுதி. நம்மிடம் தனி எழுத்து இல்லை, ஒப்பாரி இருக்கிறது. சாவு வீட்டில் கட்டிப்பிடித்து அழும்போது செத்தவருக்காகத் தொடங்கும் பாட்டு, இரண்டாவது மூன்றாவது அடியில் பாடுபவளின் சொந்த வாழ்க்கைக்குத் திரும்பிவிடும். பொறந்த வீடு கைவிட்டது, கட்டினவன் அடித்தது, எல்லாம் கூடியிருக்கும் சபையின் முன்னாலேயே வெளியே வரும். வேறு எந்த நேரத்தில் அதைச் சொன்னாலும் சண்டையாகும், ஒப்பாரியில் சொன்னால் யாரும் தடுக்க மாட்டார்கள். ஒசூர், தளிப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசும் வீடுகளின் பாட்டுகள் வேறு. அந்த மொழிகள் உங்களுக்குத் தெரியும் என்றால் அது பெரிய சொத்து. ஆனால் சாவு வீட்டில் செல்போனை நீட்டாதீர்கள். கருமாதி முடிந்து, மாதம் கழித்து, அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். கட்டுரையில் ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றிவிடுங்கள்.

பெண்ணின் சொல் சாட்சியாக நிற்குமா என்ற கேள்விக்கும் நம் மாவட்டத்தில்தான் விடை இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று அரூர் அருகே வாச்சாத்தி. சந்தனக் கடத்தல் ஊர் என்று முத்திரை குத்தி வனத்துறை, காவல், வருவாய்த் துறைக்காரர்கள் புகுந்தார்கள். 18 மலைவாழ் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றானது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காத பெண்கள் பல வருடம் நீதிமன்றப் படியேறி, அடையாளம் காட்டி, குறுக்கு விசாரணையில் உடையாமல் நின்றதால் வந்த தீர்ப்பு அது. ஏதோ ஒரு புத்தகத்தில் 'குரலற்ற பெண்கள்' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும்.

துறை வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தேர்வுக்கு வேண்டும். இந்தியாவில் 1971இல் பெண்கள் நிலை பற்றி அரசு ஒரு குழு அமைத்தது. புல்ரேணு குஹா தலைவர், வீணா மஜும்தார் உறுப்பினர் செயலர். 1974இல் வந்த அறிக்கை, 1000 ஆணுக்கு 1901இல் 972ஆக இருந்த பெண்கள் 1971இல் 930ஆகக் குறைந்ததைச் சுட்டியது. சுதந்திரம் வந்தும் பெண்கள் குறைந்துகொண்டே வந்திருக்கிறார்கள் என்ற அந்த அதிர்ச்சியில்தான் இங்கே பெண்ணியல் ஒரு துறையாக ஊன்றியது. அதே 1974இல் பம்பாயில் எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகத்தில் நீரா தேசாய் ஆய்வு மையம் தொடங்கினார். நமக்கு 1984இல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். சியோலில் ஈவா பெண்கள் பல்கலைக்கழகம் 1977இல் பாடம் தொடங்கி, 1995இல் ஆசியப் பெண்ணியலுக்கென்றே ஒரு ஆய்விதழையும் கொண்டுவந்தது. இலங்கையின் குமாரி ஜெயவர்த்தனவைக் கட்டாயம் படியுங்கள். பெண் விடுதலை மேற்கிலிருந்து இறக்குமதி ஆனது என்ற வாதத்துக்குத் துருக்கி முதல் ஜப்பான் வரை ஆதாரம் வைத்துப் பதில் சொன்னவர். தமிழில் எழுதும் அம்பை 1988இல் மும்பையில் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய ஸ்பேரோ ஆவணக் காப்பகத்தில் பெண்களின் வாய்மொழி வரலாறு, படங்கள் நிறைய உண்டு.

'ஆசியப் பெண்கள்' என்று மொத்தமாகத் தலைப்பு வைக்காதீர்கள், கைடு ஆசைப்பட்டாலும். நம் ஊரில் ஒன்று, வெளியே ஒன்று, இரண்டையும் இணைக்கிற ஒரு கேள்வி, அது போதும். என்னைக் கேட்டால் உங்கள் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக் கல்லில் தொடங்குவேன். திறந்த உடனே காலையிலேயே போங்கள், வெளியே இருக்கும் கற்களில் வெயில் சாய்வாக விழும்போது தேய்ந்த கோடும் எழுத்தும் தெரியும். வீரனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் கை தூக்கி நிற்பவளை முதலில் வரைந்துகொள்ளுங்கள். எந்தக் கை, எத்தனை வளையல், கையில் என்ன, அவன் உயரத்தில் எத்தனை பங்கு உயரம். இருபது கல்லுக்கு இதைச் செய்து முடித்த பிறகு எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.